"ஆமாங்க, நான்தான் சொன்னேன்"

விசாரணையில் எங்கள் விடுதி முகாமையாளர் தான் சொன்னதை மறுப்பார் என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் பதுளைக்குப் போகிற பஸ்ஸில், அவருடைய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் எனக்குத் துணையாக அக்கா வந்திருந்தாள்.

அப்புத்தளையில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. எந்த ஊர் என்று விருந்தினர்கள் கேட்டால், ஜன்னல் வழியே எதிர்மலையில் வரிசையாகத் தெரியும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காட்டி, அங்கேதான் எங்கள் வீடு என்பேன். ஒருநாள் காரணம் சொல்லாமல் என்னைப் படுக்கை விரிப்புத் துவைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முகாமையாளர் தனக்கு அனுப்பிய குரல் செய்தியை மேற்பார்வையாளர்தான் மனம் பொறுக்காமல் எனக்கு அனுப்பினார். அதை வைத்துப் பதுளைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தேன்.

விசாரணை அறையில் போனை மேசைமேல் வைத்துக் குரல் பதிவைப் போட்டேன்.

"லயத்துப் புள்ளைய முன்னுக்கு உக்கார வைக்காதீங்க. நம்ம எடத்துக்கு மதிப்பில்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். விசாரித்த அதிகாரி அம்மா முகாமையாளரிடம் கேட்டார்: "இது உங்க குரலா?"

"ஆமாங்க மேடம். நான்தான் சொன்னேன்."

குரலில் சிறு நடுக்கம்கூட இல்லை. அவர் மறுத்தால் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் பயனற்றுப்போனது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான் மேடம். நான் பொறந்ததும் லயத்துலதான். இத்தன வருசத்துல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா இந்த உத்தியோகம் கெடச்சிருக்காது. இந்தப் புள்ள வாறவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுது. வேணாம்னேன், கேக்கல."

எங்களைப் பற்றிப் பேசும்போது 'தோட்டத்து ஆளுங்க' என்றே சொல்லிவந்த மனிதர் அவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொழுந்துக் கறை படிந்த அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்காக இவங்கள மாத்தினது சரியா?" என்றார் அதிகாரி. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, "என் வேலை எனக்கு வேணும் மேடம்" என்பது மட்டுமே வந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் தேநீர் வாங்கினோம். அது ஆறிப்போகும்வரை நான் தொடவில்லை.

"அவங்கம்மா எந்தத் தோட்டமாம்?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"உசுரோட இருக்காங்களா?"

அதுவும் தெரியவில்லை.

சில வாரங்களில், என்னைப் பழைய இடத்திலேயே அமர்த்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் திரும்பிப் போன காலை, முகாமையாளர் படியிறங்கி வந்தார்.

"வந்துட்டீங்களா?"

"ஆமாங்க சேர்."

அவ்வளவுதான். விசாரணையில் என்ன நடந்தது என்று உடன் வேலை செய்கிறவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். குரல் பதிவைப் போட்டேன், அவர் ஒத்துக்கொண்டார் என்றேன். மற்றதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.