சீனாவை ஆண்ட என் கணவர்

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரை சீனாவை ஆண்டவர் என் கணவர்.

சிரிக்காதீர்கள். டை கட்டிக்கொண்டு போய்ப் பதவியேற்றார். மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்த டை அலுமாரியை விட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

என் கணவர் குகதாசனை உங்களில் பலருக்கு இந்தப் பத்தி வழியாகத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லண்டனில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் இரண்டு வருடத்துக்கு முன் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து ஆளுக்கு ஆள் வழக்குப் போடுவார்கள். இவர் சீனாவைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் கண் விழித்தால் யூடியூப். யாரோ ஒரு முன்னாள் தளபதி தென்சீனக் கடலைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேசையில் இடியப்பத் தட்டு சீனப் பெருநிலம். சம்பல் கிண்ணம் தைவான். சொதிச் சட்டி அமெரிக்கக் கடற்படை.

"அந்தச் சொதியை இஞ்சால தாங்கோப்பா" என்பேன்.

"பொறும். அது இன்னும் மலாக்கா தாண்டேல்லை."

ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம், "இந்தியா ஏன் பயப்பிடுது தெரியுமோ?" என்று ஆரம்பிப்பார். அந்த மனிதர் முருங்கைக்காயைப் போட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்குப் பக்கம் ஒதுங்கிவிடுவார்.

ஆனால் ஒன்று… இவர் அரைகுறை இல்லை. தடித்த தடித்த புத்தகங்களாக வாசிப்பார், குறிப்பெடுப்பார். எங்கள் ஆட்களுக்கு ஏன் இந்த வல்லரசு ஆராய்ச்சி என்று நான் யோசித்ததுண்டு. எங்கேயோ தூரத்தில், யார் யாரோ மேசையைச் சுற்றி இருந்து எங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மேசையில் என்னதான் பேசுகிறார்கள் என்று அறியும் ஆசை வராதா என்ன?

ஆகவே, எங்கள் லைப்ரரியில் சீனாவைப் பற்றி எட்டு வியாழக்கிழமை வகுப்பு என்று நோட்டீஸ் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். அவருக்கு அறிவு, எனக்கு நிம்மதி.

"நீரும் வாரும்" என்றார். தனியே போக வெட்கம். சரி, நானும் போனேன்.

வகுப்பு நடத்தியவர் ரூத். பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற, மெல்லிய குரல் பெண்மணி. நாங்கள் ஒரு பன்னிரண்டு பேர், எல்லாம் நரைத்த தலைகள். அதில் ஒருவர் ஜெஃப்ரி, முன்பு பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர். இன்னொருவர் மிஸஸ் லின். தைவான்காரி. பியானோ படிப்பித்தவர், மகளோடு ஹரோவில் இருக்கிறார்.

முதல் இரண்டு கிழமையும் மிஸஸ் லின் எங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். யாழ்ப்பாணத்து மாம்பழமா, தைவான் மாம்பழமா என்று இவரும் அவரும் தேநீர் இடைவேளையில் போட்ட சண்டையைப் பார்த்தால் இரண்டு நாட்டுக்கும் ராஜதந்திர உறவு முறிந்துவிடுமோ என்று தோன்றும். அவ்வளவு ஒட்டு.

மூன்றாவது கிழமைதான் வினை வந்தது.

சீனாவின் போர்த் தந்திரம் என்ன என்று ரூத் கேட்டார். இவர் எழும்பினார். "சுடாமலே வெல்லுறது" என்றார். குண்டு தேவையில்லையாம். மீன்பிடிப் படகுகளையும் கரையோரக் காவல் கப்பல்களையும் விட்டுக் கடலை மூடிவிட்டால் போதுமாம். எரிவாயு வராது, எண்ணெய் வராது, தீவு மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், முழங்காலில் நிற்கும் என்றார்.

"நல்ல விளக்கம்" என்றார் ரூத். இவர் பெருமையோடு இருந்தார்.

அடுத்த கிழமை மிஸஸ் லின் அறையின் மற்றக் கோடியில் போய் இருந்தார். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். தேநீர் நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்கு என்னவாம்?" என்று பஸ்ஸில் கேட்டார் இவர்.

"உங்கட மூண்டு கிழமைதான்" என்றேன்.

"நான் உண்மையைத்தானே சொன்னனான்!"

சொன்னது உண்மைதான். யாரிடம் சொன்னார் என்பதுதான் பிரச்சினை. ஆனால் அதை நான் விளங்கப்படுத்தவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆணுக்கு எதையும் விளங்கப்படுத்தலாம் என்று நம்புகிற பெண் நான் இல்லை.

கடைசி வகுப்புக்கு ரூத் ஒரு விளையாட்டு வைத்தார். தைவான் நீரிணையில் நெருக்கடி. ஆளுக்கொரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் சீனத் தலைவர் பதவி இவருக்கே விழுந்தது. இவரோடு தலைமைக் குழுவில் இன்னும் இரண்டு பேர்: ஓய்வுபெற்ற பல் வைத்தியர் பிரையன், அவருடைய மனைவி. ஜெஃப்ரி அமெரிக்கா. நான் எழுதுகிறவள் என்பதால் சர்வதேசப் பத்திரிகை.

தைவானுக்குச் சீட்டுக் குலுக்க ரூத் கையை நீட்டியபோது மிஸஸ் லின், "குலுக்க வேண்டாம். தீவு நான்தான்" என்றார்.

தொடங்கியது.

மனிதர் நன்றாகவே ஆடினார், பொய் சொல்லக் கூடாது. முதலில் கடற்பயிற்சி. ஜெஃப்ரி விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பினார். இவர் கப்பலைத் தொடவேயில்லை; அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும் அரிய கனிமங்களை நிறுத்தினார். ஜெஃப்ரி நெற்றியைச் சொறிந்தார். பிரையன் மேசையில் தட்டிப் பாராட்டினார். அடுத்த சுற்றில் இவர் ஒரு அட்டையை எடுத்து நடு மேசையில் வைத்தார்.

கடல் முற்றுகை.

விளையாட்டின் விதி என்னவென்றால், முற்றுகை விழுந்ததும் தீவுக்காரர் தன் கையிருப்பை வாசித்து, முதலில் எதை நிறுத்துவார் என்று சொல்ல வேண்டும். மிஸஸ் லின் தாளை எடுத்து வாசித்தார். முதலில் தெரு விளக்கு. பிறகு தொழிற்சாலைகள். பிறகு வீடுகளுக்கு மின்சாரம், ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டும்…

வாசிப்பதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்.

"மிஸ்டர் குகா, ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. தைவானில்தான் இருக்கிறார். இன்சுலின் போடுகிறார். மின்சாரம் நின்றால் ஃப்ரிட்ஜ் நிற்கும். நீங்கள் சொன்ன மூன்று கிழமையில் அது எத்தனையாவது நாள்?"

குரலில் கோபமில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் கண்டதில்லை.

"இஞ்சரும்… எனக்கு இங்கிலிசில வராது. நீர் அவவுக்குச் சொல்லும்."

இருபத்தாறு வருடம் லண்டன் சனத்தோடு இங்கிலிஷில் மல்லுக்கட்டிய மனிதர்! நான் எழும்பிப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலிஷில் சொன்னேன். நான் சிறுபிள்ளையாகவே இந்த நாட்டுக்கு வந்தவள். அவர் யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்து, பிறகு வந்தவர். ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் எல்லாம் பகிடிக் கதைகளாக எனக்குத் தெரியும். இது தெரியாது.

"எங்களுக்கும் பாதை பூட்டித்தான் கிடந்தது எண்டு சொல்லும். சாமான் வராது, மருந்து வராது. அக்காவுக்குச் சீனி வருத்தம். பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிள்ல போய் லைன்ல நிண்டனான். என்ர முறை வரேக்குள்ள ஒரே ஒரு இன்சுலின் போத்தல்தான் மிச்சம். எனக்குத் தந்திட்டினம்."

நான் சொன்னேன்.

"எனக்குப் பின்னால ஒரு ஐயா நிண்டவர். மனிசிக்கு எடுக்க வந்தவராம். இனி இல்லை எண்டு நர்ஸ் சொல்லிப் போட்டா. நான் வெளியில வந்து பாத்தால் சைக்கிளுக்குக் காத்தில்லை. அந்த ஐயாதான்… தன்ர சைக்கிள் பம்பைக் கொண்டு வந்து அடிச்சு விட்டவர். 'வெயில் ஏறமுந்திப் போ தம்பி, மருந்து பழுதாப் போகும்' எண்டவர்."

பம்ப் என்ற இடத்தில் என் இங்கிலிஷும் நின்றுவிட்டது. சமாளித்துச் சொல்லி முடித்தேன்.

இவர் கையை நீட்டி முற்றுகை அட்டையை எடுத்தார்.

"மிஸ்டர் குகா, நீங்கள் வென்றுகொண்டிருக்கிறீர்கள்!" என்று பதறியவர் யார் தெரியுமா? அமெரிக்கா!

"தெரியும்" என்றார் இவர். இப்போது இங்கிலிஷ் வந்துவிட்டது. "முற்றுகையை எடுக்கிறேன்."

ரூத் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். விதிப்படி, போட்ட அட்டையைத் திருப்பி எடுக்கத் தலைவரால் தனியே முடியாதாம். குழுவின் வாக்கு வேண்டுமாம். பிரையன் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பினால் உலகம் எங்களைப் பலவீனம் என்று நினைக்காதா என்றார் பிரையன். எடுக்கக் கூடாது என்று இருவரும் கை தூக்கினார்கள். முற்றுகை தொடர்ந்தது.

நல்ல மனிதர்கள் அவர்கள், வாசகர்களே. மிஸஸ் லின்னுக்குக் கதவு திறந்துவிடுகிறவர்கள். ஆனால் அந்தக் கதிரையில் இருத்திவிட்டால், கதிரைக்குப் பேசத் தெரிகிறது. முற்றுகையைப் போட ஒரு கை போதும். எடுப்பதற்கு எத்தனை கைகள் தேவைப்படுகின்றன!

என் கணவர் எழும்பினார். "நான் ராஜினாமா" என்றார். கதிரையைத் தூக்கிக்கொண்டு அறையின் மற்றக் கோடிக்கு நடந்து போய் மிஸஸ் லின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் நோவோடு.

சீனாவின் புதிய தலைவர் பல் வைத்தியர் பிரையன் என்று நான் செய்தி எழுதினேன்.

அதற்குப் பிறகு தீவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இவர் தாளை எடுத்துப் படம் கீறினார். பெரிய மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்பது எப்படி. ஒரு சொட்டு எண்ணெயில் விளக்கு எரிப்பது எப்படி. மிஸஸ் லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"பானைக்கு மூடி வேண்டுமா?"

"ஈரத்துணி போதும். காய விடக் கூடாது."

"உங்கள் அக்கா?"

"டொராண்டோவில் இருக்கிறா. நல்ல சுகம். என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்குச் சுகம்."

மிஸஸ் லின் அவருடைய கையின் மேல் ஒரு கணம் கையை வைத்து எடுத்தார். பிறகு அந்தப் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். யார் வென்றார்கள் என்று கேட்கிறீர்களா? அறையைப் பூட்ட வேண்டும் என்று கேர்டேக்கர் வந்துவிட்டார். உலகப்போர் நின்றது.

வீடு திரும்பும் பஸ்ஸில், டிரைவர் இரண்டு தடவை மோசமாகப் பிரேக் போட்டும் இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏனப்பா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னத்தைச் சொல்லுறது? மருந்து கிடைச்சிட்டுதெண்டு நான் சந்தோசமா எல்லே சைக்கிள் ஓடினனான்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். லண்டன் பஸ்ஸில் நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அடுத்த வகுப்பு ரஷ்யாவைப் பற்றியாம். இவர் பெயர் கொடுத்துவிட்டார். இந்த முறை தலைவர் பதவி வேண்டாம், சுகாதார அமைச்சர் பதவி போதும் என்று ரூத்துக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறார். விளையாட்டில் அப்படி ஒரு பதவியே இல்லை என்று ரூத் பதில் போட்டிருந்தார்.

"அப்ப அதுதான் பிழை" என்கிறார் இவர்.