நாற்பத்தோரு தூக்கு

மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மலர்கொடி பாலை ஊற்றுவாள். கேட் கம்பியில் தொங்குகிற பால் தூக்கின் மூடி நிமிர்ந்திருந்தால் பால் வேண்டும். கவிழ்ந்திருந்தால் இனிமேல் வேண்டாம், கணக்கு முடிந்தது என்று அர்த்தம். வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை. காலிங்பெல் பக்கம் அவள் விரல் போனதே கிடையாது. "பெல்லடிச்சா அவங்க கட்டில்லேருந்து எறங்கி, கண்ணாடியத் தேடி, செருப்பத் தேடி வர்றதுக்குள்ள எனக்கு நாலு வூடு முடிஞ்சிரும்" என்பாள்.

புடவைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, எக்ஸெல் வண்டியின் இரண்டு பக்கமும் கேன். வேப்பந்தட்டை ரோட்டிலுள்ள தன் ஊரிலிருந்து கிளம்பி, ஐந்தே காலுக்கெல்லாம் பெரம்பலூர் செவ்வந்தி நகருக்குள் நுழைந்துவிடுவாள். அங்கே யாருக்கும் அவளிடம் சொந்தப் பெயர் கிடையாது. வாங்குகிற அளவுதான் பெயர். முக்கா சார், அரை டீச்சர், கால் அம்மா, அவ்வளவுதான்.

செவ்வந்தி நகரைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும். நாற்பத்தோரு வீடு. ஆள் அறுபத்தெட்டு. சாயம் பூசாமலே கறுத்த முடி மூன்று தலையில் உண்டு, மூன்றும் சமைக்க வருகிறவர்கள் தலை. மாடிக்கு லிஃப்ட் வைத்த வீடு நாலு. மாடியில் ஆள் குடியிருக்கும் வீடு ஒன்றுகூட இல்லை. கார்களெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கும். வியாழக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் உறும விட்டு மறுபடி போர்த்தி விடுவார்கள். எதிரில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமும் போய்விட்டது. "சாப்பாட்டுக்கு முன்னாடி சுகர் எவ்ளோ சார் இருந்துச்சு?" என்பதுதான் இப்போது வணக்கம்.

மே மாதம் வந்தால் அரை லிட்டர் வீடுகள் இரண்டு லிட்டர் ஆகிவிடும். பேரப்பிள்ளைகள் விமானம் ஏறிய மறுநாளே அரை போதும் என்பார்கள். மலர்கொடி கேட்க மாட்டாள். மூன்று நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றி, அப்புறம்தான் அரைக்கு இறக்குவாள். "ஒரேடியாக் கொறச்சா வூடு வெறிச்சுன்னு போயிரும் சார். நீங்க சும்மா இருங்க."

இப்படிப்பட்டவளுக்கு ஆடி மாதத்தில் ஒரு சோதனை வந்தது. பெனடிக்ட் சார், சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் டல்லாசில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்குப் பாக்கெட் பால் வரும்படி போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். அதைப் பார்த்துச் சிட்னி செய்தது, துபாய் செய்தது. ஆவணி பிறப்பதற்குள் முப்பது வீட்டுக்கு ஏழு மணியானால் பாக்கெட் வந்து விழுந்தது.

மலர்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாடும், மகள் அபிநயாவின் நர்சிங் படிப்பும் இந்தத் தூக்குகளை நம்பித்தான் நிற்கின்றன. "ஒருத்தர் கவுத்தாப் போதும்" என்று புருஷன் காசிநாதனிடம் புலம்பினாள். "அங்க ஒருத்தர் வெள்ள ஷூ வாங்குனா நாப்பது பேரும் வாங்குவாங்க. மொத மூடிதான் பாக்கி."

ஆனால் ஒரு மூடியும் கவிழவில்லை. அதற்குப் பதிலாகத் தயிர் வந்தது.

முதலில் முக்கா சார் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா, நல்லா ஒறஞ்சிருக்கு." மறுநாள் இரண்டு வீடு. அந்த வார முடிவில் பதினோரு டப்பா. செவ்வந்தி நகர் முழுக்க மோர்க்குழம்பு மணந்தது. பெனடிக்ட் சார் தெருநாய்க்குத் தயிர்சாதம் வைத்தார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனது. காசிநாதனோ, "இன்னொரு நாளு தயிர் கொண்டாந்தீன்னா மாட்டுக்கொட்டாயிலதான் படுப்பேன்" என்று சொல்லிவிட்டான்.

மலர்கொடி நேராக அரை டீச்சரிடம், அதாவது மரிய புஷ்பம் டீச்சரிடம் போனாள். வரதராஜன்பேட்டைக்காரர், முப்பது வருஷம் கணக்கு நடத்தியவர், தனியாக இருக்கிறார். பொய் சொல்ல வராது.

"டீச்சர், இது யாரு பாலு தயிர்?"

"தயிர்ல என்னடி யாரு பாலு?"

"ஏம்பாலும் பாக்கெட்டும் ரெண்டும் வாங்குறீங்க. ஊரே வாங்குது. எனக்காவ வாங்குறீங்களா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்புள்ள செபஸ்டின் மெல்போர்ன்லேருந்து எனக்குப் பண்ண முடிஞ்சது இது ஒண்ணுதான் மலரு. காலைல பால் வந்துச்சாம்மான்னு ஆசையாக் கேக்குறான். வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்? ஒன்னைய வேணாம்னுதான் எப்படிச் சொல்லுவேன்?"

மலர்கொடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இரக்கப்பட்டு யாரும் ஏம்பாலக் குடிக்க வேணாம் டீச்சர். வேணாம்னா கவுத்து வைங்க. நானென்ன கோவிச்சுக்கவா போறேன்?" என்று சொல்லி வண்டியை உதைத்தாள். அன்று ராத்திரி தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு படுத்தாள் என்பது காசிநாதன் சொன்னது.

மறுநாள் டீச்சர் வீட்டுத் தூக்கின் மூடி கவிழ்ந்திருந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, குமிழ் உள்பக்கம் பார்த்தபடி.

மலர்கொடி வண்டியை அணைக்காமல் அப்படியே நின்றாள். தெருமுனையில் பேச்சுச் சத்தம். பெனடிக்ட் சார் முன்னால் வர, வெள்ளை ஷூக்களெல்லாம் நடைக்குக் கிளம்பி இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தன. இன்னும் இரண்டு கேட் தாண்டினால் இந்த மூடி எல்லோர் கண்ணிலும் படும்.

மூடியை எடுத்தாள். அரை லிட்டர் அளந்து ஊற்றினாள். என்ன நினைத்தாளோ, இன்னும் ஒரு கை தாராளமாகச் சாய்த்தாள்.

"என்ன மலரு, டீச்சர் இன்னும் ஒங்கிட்டதானா?" என்றார் பெனடிக்ட் சார்.

"அவுங்க எப்பவும் அரதான் சார்."

உள்ளே ஜன்னல் திரை லேசாக விலகியது. மலர்கொடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூடியின் குமிழை மேலே திருப்பி, சிந்திய பாலை முந்தானையால் ஒற்றி, இனி யார் வந்தாலும் கழற்ற முடியாதபடி உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.