நாலாவது இராசா

என் அத்தான் றெமிஜியசுக்கு இரண்டு விசயங்களில் அசையாத நம்பிக்கை இருந்தது. ஒன்று ஆண்டவர், மற்றது தன் கைவேலை. முதலாவதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். இரண்டாவதால் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நத்தார்ப் பூசை நேரம் எங்கள் ஸ்காபரோக் கோவிலுக்குள் தீயணைப்புக்காரர் பூட்ஸ் காலோடு வந்து நின்றார்கள். ஆண்டவர் பிறந்த தொழுவமாக நாங்கள் கட்டும் பாலன் கூட்டு வைக்கோலுக்குள் அத்தான் ஒளித்துவைத்த பல்ப் செய்த வேலை அது.

அடுத்த வருசமும் ஏதாவது பிழை நடந்தால் கூடு கட்டும் பொறுப்பை, அதில் நெடுநாளாகக் கண்வைத்திருந்த அகஸ்ரினிடம் கொடுப்போம் என்று பங்குச் சபை சொல்லிவிட்டது. அத்தானுக்கு உயிரே போன மாதிரி. இந்த ஊரில் அவரைச் சனம் தேடிவந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஒரு மாதந்தான். மற்றக் காலமெல்லாம் அவர் மில்லிக்கனில் ஓர் ஈரான்காரரின் பட்டறையில் பிளாஸ்ரர் தூசுக்குள் நிற்கிற ஆள்.

பழைய பாரசீக அரண்மனைப் படிக்கட்டுக் கல்லில் செதுக்கியிருக்கும் மனிதர்களை றப்பர் அச்சில் வார்த்து ஈரான் சாப்பாட்டுக் கடைச் சுவர்களுக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. அரசனுக்குக் காணிக்கை கொண்டு வரிசையில் போகிற தாடிக்காரர்கள். எல்லாரும் பக்கவாட்டில்தான் நிற்பார்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு பெரிய இடத்து ஆட்கள்.

தொண்ணூற்றிமூன்று நத்தார் கிட்டிவந்தது. பாலனுக்குக் காணிக்கை கொண்டுவந்த மூன்று இராசாக்களின் சிலைகளையும் அத்தான் காரின் டிக்கியில் வைத்து, மேலே ஸ்பெயர் டயரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் திறந்து பார்த்தால் மூவருக்கும் தலை இல்லை. கடைகளிலும் இராசாக்கள் விற்று முடிந்துவிட்டார்கள். அக்கா றோஸ்மேரி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அத்தான் மட்டும் கலங்கவில்லை.

"ராசாக்கள் கிழக்கையிருந்துதானே வந்தவை? அவை என்ரை பட்டறையிலை நிக்கினம்."

முதலாளி நல்ல மனுசன். ஒட்டகத்தின் காது உடைந்த வார்ப்புப் பலகை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அத்தான் சிவப்பும் பொன்னும் பூசி அதைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார். அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

"உதிலை நாலு பேரெல்லே நிக்கினம்?"

வருசக்கணக்காக அதை வார்த்த மனுசன் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை! முன்னால் தடியோடு போகிறவன் அரண்மனைச் சேவகன், முதலாவது ஆளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறவன். அத்தான் அறுக்கிற வாளை எடுத்தார். ஆனால் சேவகனை வெட்டினால் இராசாவின் கையும் போகும். தலையில்லாத மூவரைக் கண்ட அக்கா, கையில்லாத ஒருவருக்குச் சம்மதிக்கவில்லை.

நத்தார் பின்னேரம் பலகையைக் கோவிலில் நிறுத்திய பிறகுதான் அடுத்த வினை தெரிந்தது. நால்வரும் ஒட்டகமும் பாலனுக்கு முதுகைக் காட்டி, காணிக்கையையும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறார்கள். திருப்பி வைத்தால் வெறும் வெள்ளைப் பிளாஸ்ரர். மற்றப் பக்கம் கொண்டுபோகத் தூண் விடாது. சனம் வேறு வரத் தொடங்கிவிட்டது.

அக்கா பாலனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், சூசையப்பரை என்னிடம் தந்தாள், மாதாவை அத்தானிடம் கொடுத்தாள். திருக்குடும்பம் இடம்பெயர்ந்து இராசாக்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அவசரத்தில் மாட்டை மறந்துவிட்டோம். அது பழைய இடத்திலேயே தனியாகப் படுத்திருந்தது.

பூசை முடிந்ததும் அகஸ்ரின் பாதரைக் கையோடு கூட்டிவந்தார். பின்னால் பாதிக் கோவில்.

"பாதர், ராசாக்கள் மூண்டு பேரெல்லே? அப்ப முன்னாலை நிக்கிறவர் ஆர்?"

கூடு கைவிட்டுப் போவதை நான் கண்ணால் கண்டேன். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அவர் ட்ரான்ஸ்லேற்றர், பாதர். ராசாக்களுக்கு அந்த ஊர்ப் பாசை தெரியாதெல்லே. உள்ளுக்குப் போய் ஆர் கதைக்கிறது?"

சனம் விழுந்து சிரிக்குமென்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே நின்றவர்களில் கனபேர் அகதி விசாரணைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாயை நம்பி உள்ளே போய் வந்தவர்கள். மற்றவர்கள் இனித்தான் போகவேண்டும். தை மாதம் விசாரணை இருந்த மக்டலீன் அக்கா முன்னுக்கு வந்தா. இராசாக்களை ஏறெடுத்தும் பாராமல் சேவகனின் கையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா. பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மக்டலீன் அக்காவின் கேஸ் வென்றது. அது லோயரின் கெட்டித்தனம் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

ஆனாலும் அகஸ்ரின் விடவில்லை. அடுத்த நத்தாருக்குப் புது இராசாக்களை, சரியாக மூன்று பேரை, தலை கையோடு வாங்கிவந்து, சபையை ஒருமாதிரிச் சமாளித்துக் கூட்டைத் தானே கட்டினார். அத்தான் கோவிலுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் பலகைக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பூசைக்குச் சற்று முன்னர் டெலிபோன் அடித்தது. எடுத்தது நான். பேசியது அகஸ்ரின், வீடு முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

"வாற சனமெல்லாம் ட்ரான்ஸ்லேற்றர் எங்கை எண்டு என்னைப் பிடுங்குது. அத்தானை அந்தாளோடை வரச்சொல்லும். கூட்டையும் இனி அவரே பாக்கட்டும்."

நான் றிசீவரை வைத்துத் திரும்பினால் வீட்டில் அத்தான் இல்லை. பனிக்குள் கார் உறுமிக்கொண்டு நின்றது. இந்த முறை பலகை டிக்கியில் இல்லை. முன் சீற்றில் பெல்ற் போட்டு இருந்தது.