ஜப்பான் மிருகமும் என் மாமியாரும்

ஜப்பான்காரர்கள் எடுத்த பழைய ராட்சத மிருகப் படங்கள் என்றால் எனக்கு உயிர். தஸ்பீஹ் மணி உருட்ட வேண்டிய வயதில் இது என்ன கூத்து என்று மருமகள் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தால் விழட்டும். மகன் டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு, "உம்மா, அது ரப்பர் சட்டை. உள்ள ஒரு ஆளு நிக்கிறான்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியாதா என்ன? உள்ளே ஒருத்தன் வியர்த்து வழிய நின்றுகொண்டு அட்டை வீடுகளை மிதிக்கிறான் என்று தெரிந்துதான் பார்க்கிறேன். அது தெரிந்த பிறகு பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் என் வீட்டுக்காரர். அறுபதுகளில் எங்களுக்குக் கல்யாணமானபோது அவர் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் இதைச் சபர் என்போம். சபருக்குப் போன ஆம்பளை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வருவான், சில மாதம் இருப்பான், போய்விடுவான். கடலூர் முதுநகரில் பிறந்த நான் சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவரோடு வாழ்ந்த நாட்களைவிட அவருடைய உம்மாவோடு, அதாவது என் மாமியோடு, வாழ்ந்த நாட்கள்தான் அதிகம்.

அவர் ஊரில் இருந்த முதல் சில மாதங்களில் வெள்ளிக்கிழமை மதியம் எங்களுக்குப் பெருநாள் மாதிரி. ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாயை விரித்ததும் கதை ஆரம்பமாகிவிடும். சிங்கப்பூரில் அவர் பார்த்த மிருகப் படத்தின் கதை. இரண்டு திண்டுகளும் கப்பல். டிபன் கேரியர்தான் ரயில். வெற்றிலை துப்புகிற பித்தளைப் படிக்கத்தைக் கவிழ்த்து வைத்தால் கோபுரம். மிருகம் அவரே. கைலியை மடித்துக் கட்டி, தோளைத் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் உறுமுவார் பாருங்கள், எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். கடலிலிருந்து எழுந்து வந்து ரயிலைத் தூக்கிக் கடித்து, கோபுரத்தைக் காலால் ஒரு எத்து எத்துவார். படிக்கம் உருண்டு வாசல்வரை போகும்.

"அப்புறம் என்ன ஆச்சு மச்சான்?" என்று அவரைக் கேட்பேன்.

"அப்புறம் என்ன, சுட்டாங்க, குண்டு போட்டாங்க, அதுக்கு ஒண்ணும் ஆவல. கடலுக்கே திரும்பிப் போயிடுச்சு. மறுபடி வரும்."

எத்தனை தடவை கேட்டாலும் முடிவு இதுதான். அடுப்படியிலிருந்து மாமி சத்தம் போடுவார்: "கல்யாணம் ஆனவன் பண்ற வேலையா இது? தெருவே கேக்குது, எருமை மாதிரி கத்துறான்!" கூடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் கதை நடக்கும் நேரம் மட்டும் அம்மிச் சத்தம் நின்றிருக்கும்.

அந்தப் படம் நம்ம ஊருக்கு வந்தால் கட்டாயம் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கப்பல் ஏறினார். அவர் போன பிறகுதான் அந்தக் கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. படிக்கத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். புருஷனை நினைத்து நிலாவைப் பார்த்து அழுதவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எச்சில் படிக்கத்தைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு தடவை கடலூருக்கு உம்மா வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒரு சுவரில் போஸ்டரைப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து, படிக்கத் தெரியவில்லை. படிப்பானேன்? அதே தூக்கிய தோள், உள்ளே இழுத்த கழுத்து. என் வீட்டுக்காரரையே யாரோ சுவரில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. பஸ் திரும்பும்வரை கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூட்டிப் போகிறேன் என்றவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவர் வரும்வரை அந்தப் படம் இருக்குமா? வெளிநாட்டுப் படம் ஒரு வாரம் ஓடினால் பெரிது. எங்கள் வீட்டுப் பெண்கள் சினிமாவுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மனசு கேட்காமல் மாமியிடம் சொல்லி மட்டும் வைத்தேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மாமி சொன்னார்: "உங்க உம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாயிடுச்சுன்னியே, வா, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவோம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் உம்மா அப்போது தென்னைமரம் ஏறச் சொன்னாலும் ஏறுவார். ஒன்றும் புரியாமல் கிளம்பினேன். பஸ் முதுநகரில் நின்றதும் எழுந்தேன். மாமி என் வெள்ளைத் துப்பட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"மாமி, வீடு வந்துடுச்சு."

"உங்க உம்மா முட்டி எங்கயும் ஓடிப் போயிடாது. அந்தச் சினிமாக் கொட்டாய் எங்க இருக்கு, அதச் சொல்லு. என் புள்ள கண்ணால பார்த்தத நானும் ஒரு தடவ பார்த்துட்டுச் சாவுறேன்."

கொட்டாயில் பெண்கள் பக்கத்தில் எங்களைத் தவிர இரண்டு மூன்று பேர்தான். விளக்கை அணைத்தார்கள். திரையில் துறைமுகம், கப்பல், மாடி மாடியாகக் கட்டடம். மாமி என் காதில், "இதான் சிங்கப்பூரா?" என்றார்.

"இல்ல மாமி, இது ஜப்பான்."

"எனக்கே சொல்றியா? கப்பல் நிக்குது, சீனாக்காரங்க நடக்குறாங்க, சிங்கப்பூர் இல்லாம என்ன? துணிக்கடை எந்தப் பக்கம்னு பாரு."

அதற்கு மேல் என்ன சொல்லியும் ஏறவில்லை. ஒவ்வொரு கடையாகத் தேட ஆரம்பித்துவிட்டார். மிருகம் கடலிலிருந்து எழுந்தது. நான் என்னை மறந்து பார்த்தேன். அவர் எங்கள் கூடத்தில் செய்து காட்டினாரே, அதே தள்ளாட்டம், அதே உறுமல். அது கடைத்தெருப் பக்கம் திரும்பியபோது மாமி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! கடைப்பக்கம் போவுதே! டேய், ஓடியாந்துடுடா! எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துடுடா!"

ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கையைப் பிடித்து உட்கார வைத்தபோதுதான் அவர் கண் திரையை விட்டு நகராமல் அந்தக் கடைத்தெருவிலேயே மகனைத் தேடுவது தெரிந்தது. என் சிரிப்பு செத்துவிட்டது. அன்றுவரை அந்த வீட்டில் மச்சானுக்காக ஏங்குகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"பயப்படாதீங்க மாமி. கடைசியில அது கடலுக்கே போயிடும். மச்சான் சொல்லியிருக்காரு."

போகவில்லை. கரையிலேயே வளைத்துக்கொண்டு நெருப்பு வைத்தார்கள். அது கடலைப் பார்த்து நகர்ந்து நகர்ந்து போய், அலைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே விழுந்தது. நீட்டிய கை தண்ணீருக்கு எட்டவில்லை. அதன்மேல் இங்கிலீஷில் எழுத்துப் போட்டு விளக்கை எரிய விட்டுவிட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. துப்பட்டி முனையால் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்மகிட்ட ஏன் மாத்திச் சொன்னான்?"

எனக்குப் பதில் தெரியும். தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்து இந்த முடிவைப் பார்த்த மனுஷன், வீட்டில் காத்திருக்கிற இரண்டு பெண்களிடம் போய், கடல் தாண்டி வந்தது திரும்ப முடியாமல் அந்நிய ஊரில் செத்தது என்று எப்படிச் சொல்வார்? அங்கே அவர் எவ்வளவு பயந்து கிடக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மாமியே சொன்னார்.

"நாம பார்த்தது அவனுக்குத் தெரியவேணாம். அவன் சொன்னதே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்த மிருகப் படத்தையும் முழுசாகப் பார்ப்பேன். அந்த ஒரு படம் மட்டும் கடற்கரை வந்ததும் மகனை அணைக்கச் சொல்லிவிடுவேன்.

நாங்கள் படம் பார்த்த மறு வருஷம் அவர் ஊருக்கு வந்தார். இளைத்திருந்தார், இருமல் வேறு. முதல் வெள்ளிக்கிழமை பாயை விரித்து, படிக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன். உறுமலில் பழைய வேகம் இல்லை. பாதிக் கதையில் மாமி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நிலைப்படி ஓரம் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரருக்கு வெட்கமாகிவிட்டது.

"சொல்லுடா, கேக்குறேன்."

சொன்னார். சுட்டார்கள், குண்டு போட்டார்கள், அது கடலுக்கே திரும்பிப் போய்விட்டது. நான் மாமியின் முகத்தைப் பார்க்காமல் திண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடி வருமா?" என்றார் மாமி, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி.

"வரும் உம்மா."

"நெசமா?"

"நெசமா வரும்."

அடுத்த சபர் முடிந்து, சொன்னபடி அவர் மறுபடியும் வந்தார். அதற்குள் மாமி மவுத்தாகிவிட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் பாயை மட்டும் விரித்தேன். அவர் நிலைப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். படிக்கம் மூலையிலேயே இருந்தது.