நாலு தாருக்கு ஒரு வாய்

மயிலம்மாளுக்குப் பேச்சு நிதானம், நடையும் நிதானம். கை மட்டும்தான் வேகம். திருச்செங்கோட்டு மலையடியில் இருந்த அந்த நெசவுத் தெருவில் அவளைப் போலத் தார் சுற்ற ஆள் கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை இராட்டையில் ஏற்றிச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதுதான் தார். அதை, தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிற நாடாவுக்குள் போட்டுத்தான் தறி ஓடும். நெய்துகொண்டிருக்கும்போது நூல் சிக்கினால் தறிக்காரர் முதலில் திட்டுவது தார் சுற்றியவளைத்தான். மயிலம்மாள் அந்தத் திட்டை வாங்கியதே இல்லை. நூல் அறுந்தால் குனிந்துகூடப் பார்க்காமல் இரண்டு விரலால் தேடி எடுத்து முறுக்கிச் சேர்த்துவிடுவாள். சேர்த்த இடம் எது என்று பிறகு அவளுக்கே தெரியாது.

வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் புருஷன் அருணகிரி, மற்றதில் கொழுந்தன் செங்கோட்டையன். மகளை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு தறிக்கும் தார் போட்டு, மூன்று பேருக்கும் சமைத்து, வெள்ளிக்கிழமை வீடு மெழுகிச் சாம்பிராணி காட்டி, அவள் பொழுது சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மேட்டூர் அணையைக் கட்டி முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்த ஐப்பசியில்தான் அந்தக் குருவிச் சங்கதி நடந்தது.

குருவிகள் அருணகிரியுடையவை. அதற்கு முந்தி ஒரு வைகாசித் தேரின்போது குருவிக்காரனிடம் ஒரு ஜோடி தினைக்குருவி வாங்கிவந்து, மூங்கில் கூண்டில் போட்டுத் தறிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். கட்டைவிரல் பருமன் இருக்கும். நெஞ்சில் மீன் செதில் மாதிரி புள்ளி. தறிச் சத்தத்துக்கு அவை அசையாது. சத்தம் நின்றால்தான் பயந்துபோய்க் குரல் கொடுக்கும். அவை முட்டையிட வேண்டும் என்று அவர் இரண்டு வருஷம் காத்திருந்தார். கலயத்தில் ஓட்டை போட்டுப் படுக்க வைத்துக் கட்டினார். தென்னை நார் போட்டார், நூல் கழிவு போட்டார். பெண் குருவி சிவப்பு நூலாகப் பொறுக்கி உள்ளே கொண்டுபோனதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தார். கடைசியில் அந்த வருஷம் நாலு முட்டை இட்டது. குஞ்சு பொரித்த மறுநாள், சஷ்டி விரதத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு அவர் புறப்பட வேண்டியிருந்தது. நேர்ந்துகொண்டது, மாற்ற முடியாது. மூன்று தடவை திரும்பி வந்து கலயத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, குஞ்சுகளுக்கு எட்டு நாள். மயிலம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் புகை போடுவது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். உடம்புச் சளி முறியும், கண்ணேறு கழியும். கூண்டைப் பார்த்தபோது அவளுக்கு அது தோன்றியது. கலயத்தை இறக்கி, எச்சம் படிந்த நூலை எடுத்தெறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்தாள். தூபக்காலில் இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டு, கலயத்தின் வாய்க்கு நேராகச் சற்று நேரம் பிடித்தாள். தாயும் தகப்பனும் கூண்டின் மறுகோடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று முழுவதும் அவை அங்கேயே இருந்தன. கலயத்தைத் திரும்பக் கட்டியும் உள்ளே போகவில்லை. குஞ்சுகள் கத்தின. பெண் குருவி ஒரு தடவை வாசல்வரை வந்து மோந்து பார்ப்பது போலத் தலையை நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. சாயங்காலம் குஞ்சுகளின் சத்தம் மெலிந்தது. செய்தது என்ன என்று மயிலம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பச்சைப் பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லாவிட்டால் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். மகளுக்குப் புகட்டிய சங்கைத் தேடி எடுத்தாள். பசும்பாலில் தண்ணீர் கலந்து, திரி நனைத்துச் சொட்டுவிட்டாள். மறுநாள் விடிந்தபோது நாலில் ஒன்று வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் கழுத்தைத் தூக்கவில்லை.

வண்டிப்பேட்டைக்குப் புல்லுக்கட்டு கொண்டுபோகும் பாவாயி அந்தத் தெரு வழியாகத்தான் போவாள். வாசலில் கட்டை இறக்கிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது அவள் வழக்கம். மயிலம்மாளின் கையில் கிடந்ததைப் பார்த்தாள்.

“என்னத்தக் குடுத்தீங்கக்கா?”

“பாலுதான்.”

“அதும்பட ஆத்தாகாரி எந்த மாட்டுக்குப் போயிப் பால் பீச்சுவாளாமா?”

பாவாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலிருந்து ஒரு புல்லை உருவினாள். குதிரைவாலி மாதிரி கதிர் விட்டிருந்தது. ஒரு மணியை நகத்தால் நசுக்கினாள். வெள்ளையாகக் கூழ் வந்தது. வாய்க்கால் மேட்டில் குருவிகள் இதைத்தான் நசுக்கித் தின்று, தொண்டையில் வைத்திருந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும் என்று சொன்னாள். ஒரு பிடி கதிரைப் பறித்து வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு தினமும் வைத்தாள்.

மூன்று குஞ்சுகளும் அன்று முதல் மயிலம்மாளின் பொறுப்பு. பாதிக் கொட்டாங்குச்சியில் பஞ்சு வைத்து அதில் போட்டுக்கொண்டாள். புல்மணியை நசுக்கி, ஊறவைத்து அரைத்த தினையோடு சேர்த்து, அடுப்போரத்தில் வெதுவெதுப்பாக வைத்தாள். தென்னை ஈர்க்கின் நுனியைத் தட்டையாகச் சீவி, அதில் கடுகளவு தொட்டு எடுத்தாள். தினைக்குருவிக் குஞ்சு மற்ற குஞ்சுகள் போல அண்ணாந்து வாய் திறக்காது. தலையைக் கீழே சாய்த்து, கழுத்தைத் திருகி, வாயை மட்டும் மேல்பக்கமாகக் காட்டும். ஊட்டும்போது ஒரு நெல் அகலம் தப்பினால் மூச்சுக்குழலில் போய்விடும். பால் சொட்டியபோது அதுவும் நடந்திருக்க வேண்டும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அறுந்த இழையைத் தேடிப் பிடிக்கும் விரல்களுக்கு இந்த வேலை வந்தது. இரண்டு நாளில் தப்பாமல் ஊட்டினாள்.

எப்போது ஊட்டுவது என்பதற்கும் வழி கண்டுகொண்டாள். குஞ்சின் கழுத்தோரத்தில் தோல் கண்ணாடி போல இருக்கும். தின்றது அங்கே வெள்ளையாகத் தெரியும். அது வற்ற நாலு தார் சுற்றும் நேரம் ஆயிற்று. அவ்வளவுதான் கணக்கு. நாலு தார் முடிந்தால் இராட்டையை நிறுத்துவாள், கை கழுவுவாள், மூன்று வாயிலும் ஊட்டுவாள், அடுத்த தாருக்கு உட்கார்ந்துவிடுவாள். பொழுது சாய்ந்தால் ஊட்டுவதில்லை. வெதுவெதுப்பான சாம்பலைச் சட்டியில் பரப்பி அதன்மேல் கொட்டாங்குச்சியை வைத்துவிடுவாள். காலையில் சாம்பல் ஆறுவதற்குள் எழுந்துவிடுவாள்.

செங்கோட்டையன் விடுவானா? தெருவில் போகிறவர்களை நிறுத்தி, எங்கள் வீட்டில் மூன்று பிரசவம், அண்ணிக்கு எழுந்திருக்க நேரமில்லை என்று சொன்னான். எதிர்வீட்டு ஜானகியம்மாள் எட்டிப் பார்த்து, மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைக்காவது இப்படிப் பார்ப்பாயா என்று கேட்டாள். பேரப்பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள் என்றாள் மயிலம்மாள்.

ஆனால் செங்கோட்டையன் ஒருநாளும் தாருக்காகத் தறியை நிறுத்தவில்லை. ஊட்டுகிற நேரத்தையும் சேர்த்து அவள் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“அண்ணி, அண்ணன் வந்தாக் கேப்பாரு. பூனை ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிப்போடலாம். மூணு இருக்குதில்ல.”

“பூனை என்ன பண்ணுச்சு? பண்ணுனவ இங்க உக்காந்திருக்கறா.”

அவன் நாடாவை வீசினான்.

போன பதினைந்தாம் நாள் அருணகிரி வந்து சேர்ந்தார். காலில் கொப்புளம், கையில் பஞ்சாமிர்தம். கால் கழுவத் தண்ணீர் கொடுக்கும்போதே மயிலம்மாள் சொல்லிவிட்டாள். “நாந்தானுங்க புகை போட்டன். பெத்ததுக அண்டாமப் போச்சு. பாலக் குடுத்து ஒண்ணக் கொன்னுட்டன். மூணு இருக்குதுங்க.” அவர் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனார். இறகு முளைத்து, பழுப்பு நிறத்தில் மூன்றும் இராட்டைக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தன. தகப்பனும் தாயும் கைவிட்ட குஞ்சை மனுஷர் காப்பாற்றியதாக நான் கேட்டதே இல்லை என்று தம்பியிடம்தான் சொன்னார். மனைவியிடம் நேராகச் சொல்ல அவருக்கு வராது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. குஞ்சுகளுக்கு முப்பத்தைந்து நாள் ஆயிற்று. தாவிப் பறந்தன. ஆனால் ஒன்றாவது தானாகத் தின்னவில்லை. தினை பரப்பிய தட்டை மிதித்துக்கொண்டு அவள் மடிக்கு வந்தன. இராட்டை நின்றால் இரை வரும் என்று அவை கற்றுவிட்டிருந்தன. சத்தம் நின்ற உடனே கழுத்தைத் திருகி வாயைத் திறந்துவிடும். மணியை அலகில் வைத்து உருட்டி, உமியைத் தள்ளி அரிசியை விழுங்கும் வித்தை தாய்க் குருவியைப் பார்த்து வருவது. பெற்றதுகளோடு கூண்டில் விட்டுப் பார்த்தார் அருணகிரி. கொத்தி விரட்டின. ஐப்பசிப் புல் காய ஆரம்பித்துவிட்டது. கதிர் இனி நாலைந்து நாளைக்குத்தான் என்று பாவாயி சொல்லியிருந்தாள். அதற்குள் தினை உடைக்கக் கற்காவிட்டால், இதுவரை பார்த்ததெல்லாம் வீண்.

ஒரு காலையில் மயிலம்மாள் ஊட்டவில்லை. தட்டில் தினையைப் பரப்பி முன்னால் வைத்தாள். நாலு தார் ஆயிற்று, எட்டு ஆயிற்று. இராட்டை நின்றபோதெல்லாம் மூன்றும் கத்தின. அவள் விரல் நகத்தால் தட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அருணகிரிக்குத் தறியில் கால் ஓடவில்லை. இவ்வளவு சிறிய உயிர் அரை நாள் தாங்காது என்றார். கொடுத்துவிடு என்றார். அவள் கேட்கவில்லை. கடைசியில் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

பதினோராவது தாரில் ஒன்று தட்டைக் கொத்தியது. தற்செயல் போலத்தான். பிறகு மறுபடி கொத்தியது. பக்கத்தில் இருந்தது அதைப் பார்த்துக் கொத்தியது. இரண்டின் அலகிலும் உமி ஒட்டியது. மூன்றாவது மட்டும், எப்போதும் சின்னதாக இருந்தது, தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியது. பிறகு கத்துவதையும் நிறுத்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல உட்கார்ந்தது.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கும்போது அருணகிரி திரும்பி வந்தார். மயிலம்மாள் ஈர்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடுகளவு தொட்டு அந்த மூன்றாவதுக்கு ஒரே ஒரு வாய் கொடுத்தாள். அது கழுத்தை இன்னும் திருகியது. அவள் ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்ன புள்ள, நாங் கேட்டப்ப மாட்டேன்ன.”

“பசி முத்திப்போச்சுன்னா அழுவத்தானுங்க தோணும். திங்கத் தோணாது. இது அழுவறதுக்கும் மேல போயிருச்சு. ஒரு வாய் உள்ள போனாத்தான் திங்கத் தெம்பு வரும்.”

இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குஞ்சு சிலிர்த்திருந்த இறகைத் தாழ்த்தியது. ஈர்க்கு கிடந்த இடத்தைப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை. தட்டின் விளிம்பில் ஏறி, மற்ற இரண்டுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு, ஒரு மணியை எடுத்துக் கீழே போட்டது. இன்னொன்றை எடுத்துப் போட்டது. மூன்றாவதை அலகிலேயே வைத்து உருட்டியது. உமி இரண்டாகப் பிரிந்து வெளியே விழுந்தது. அரிசி உள்ளே போயிற்று.

மயிலம்மாள் அது நாலாவது மணியையும் உடைக்கும்வரை நின்று பார்த்தாள்.

“இனி அதுகளுக்கு என்ற கை வேண்டாமுங்க” என்றாள். “நீங்க போயித் தறியில உக்காருங்க. தார் பத்துக்கு மேல கெடக்குது.”