மஞ்சள் கரைத்த ரேடியேட்டர்

வாப்பாவின் கார் குடித்த தண்ணீரை எங்கள் வீட்டு மாடுகூடக் குடித்திருக்காது. மாத்தளையிலிருந்து நாவுலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நிற்கும். பொனட்டைத் திறந்தால் ஆவி பறக்கும்; ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இருக்காது. எங்கே ஒழுகுகிறது என்றுதான் தெரியவில்லை. கராஜில் நிறுத்திவைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக் கீழே விழாது. "ஒழுக்கே இல்ல முதலாளி" என்று வண்டி திருத்தும் கராஜ் பாஸ் சத்தியம் பண்ணுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உம்மா மௌத்தான பிறகு வாப்பா உம்மாவின் தங்கையையே கலியாணம் முடித்திருந்தார். சாச்சியாக அவரை எனக்குப் பிடிக்கும்; வாப்பாவின் பெண்சாதியாகக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் காரில் என் ராஜ்ஜியம்தான். பெண்கள் பின் சீட்டில், ஜன்னலுக்குத் திரை போட்டு உட்கார வேண்டும். நான் சின்னப் பிள்ளை என்பதால் முன்னால், வாப்பாவுக்குப் பக்கத்தில். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து நாவுலை வயலுக்குக் கிளம்பும்போது, பின்னால் திரும்பிச் சாச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அந்த ராஜ்ஜியத்தைக் கெடுத்தது இந்த ஒழுக்குத்தான். நாங்கள் நிறுத்தும் இடமெல்லாம் ஓடை ஓரம். வாப்பா பாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஆரும் இல்ல, எறங்குங்க" என்பார். சாச்சி இறங்கி, முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு ஓடையில் கால் நனைப்பார். இஞ்சின் ஆறும்வரை வாப்பா பக்கத்தில் நின்று கொய்யா பறித்துக் கொடுப்பார். இருவரும் சிரிப்பார்கள். கேத்தலில் தண்ணீர் சுமக்கிறவள் நான். ரேடியேட்டரைவிட எனக்குத்தான் அதிகம் கொதிக்கும். ஒருநாள் சாச்சி பாதிக் கொய்யாவை என்னிடம் நீட்டினார். "வேணாம், வயிறு வலிக்கிது" என்றேன். வயிறு வலிக்கவில்லை, எரிந்தது.

ஒழுக்கை அடைத்தால் கார் நிற்காது. கார் நிற்காவிட்டால் சாச்சி இறங்க மாட்டார். நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். சூடான இஞ்சினில் விழும் தண்ணீர் உடனே காய்ந்துவிடுகிறது, அதனால்தான் அடையாளம் இல்லை. காய்ந்தாலும் போகாதது எது? என் வெள்ளைக் கவுனில் சோற்றுக்கு ஊற்றிய ஆணம் சிந்தி, உம்மா எத்தனை தரம் கசக்கியும் போகாத மஞ்சள் கறை ஞாபகத்துக்கு வந்தது. காலையில் தண்ணீர் நிரப்புவதும் என் வேலைதானே. அடுத்த வெள்ளி, குசினியிலிருந்து இரண்டு கைப்பிடி மஞ்சள்தூள் எடுத்துக் கேத்தலில் கரைத்து ஊற்றிவிட்டேன்.

வழியில் நாலந்தாவில் கார் நின்று, வாப்பா பொனட்டைத் திறந்ததும் ஆணம் கொதிக்கிற மணம்.

"யா அல்லாஹ், இது என்ன?"

நான் எட்டிப் பார்த்தேன். கீழே இருந்த ரப்பர் குழாயில், இரும்புப் பட்டி இறுக்கும் இடத்துக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் கோடு கிளம்பி இஞ்சின்மேல் வழிந்து காய்ந்திருந்தது. இஞ்சின் ஆறிய பிறகு வாப்பா குழாயை வளைத்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு வெடிப்பு. சூடேறித் தண்ணீர் முட்டும்போது மட்டும் வாய் திறக்கும்போலும்.

மறுநாள் கராஜ் பாஸ் புதுக் குழாய் போட்டு, நாலு தரம் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். "உப்பும் போட்டிருந்தா சோத்துக்கு ஊத்தியிருக்கலாம்" என்று கேலி வேறு. வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "இனி என்ட மகள்தான் பாஸ்!" என்றார். வீட்டில் சாச்சி "கெட்டிக்காரி" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கார் ஒரே ஓட்டமாக நாவுலைக்குப் போனது. நான் முன்னால் உட்கார்ந்து வாப்பாவோடு வாயடித்துக்கொண்டே போவேன். திரைக்குப் பின்னால் சத்தமே இருக்காது. அந்த மௌனம் எனக்கு இனித்தது.

மூன்று வருஷம் கழித்து நான் பெரியபிள்ளையானேன். அதன் பிறகு நாவுலைக்குக் கிளம்பிய முதல் வெள்ளி, வாப்பா எனக்குப் பின் கதவைத் திறந்துவிட்டார். சாச்சி நகர்ந்து இடம் கொடுத்தார். பாதி வழியில் திரையின் ஓரத்தை விரலகலம் விலக்கி, "இதால பாரு புள்ள, ஓடை வருது" என்று மெல்லச் சொன்னார். நான் குனிவதற்குள் ஓடை போய்விட்டது. அவர் இறங்கியதெல்லாம் வாப்பாவுக்காக என்றல்லவா நினைத்திருந்தேன். கார் ஓடிக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்கு ஒரு காரணத்தையும் நான் விட்டுவைத்திருக்கவில்லை.