அட்டைப்படி பத்தொன்பது வயது

பாலக்கோட்டுக்கு வெளியே, தக்காளித் தோட்டங்களை ஒட்டி இருக்கும் அரசு மதுக்கடையில் நான் விற்பனையாளர். பி.எஸ்சி. கணிதம் படித்தவன். ஒரு வருஷம் இருந்து பார்ப்போம், பிறகு வேறு வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் சேர்ந்தேன். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. சொந்தக்காரர்களிடம் என் மனைவி “கவர்ன்மென்ட் வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்த இலாகா என்று கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு உடனே காபி வந்துவிடும்.

கடையின் முன்பக்கம் முழுவதும் கம்பி வலை. நடுவில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாகக் கை உள்ளே வரும், பாட்டில் வெளியே போகும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நான் குனிய வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வரிசை நிற்கும். யார் குனிந்துகொண்டிருப்பது? கையைப் பார்த்தே விற்றுப் பழகிவிட்டேன். தக்காளி பறித்த கை பச்சையும் கறுப்புமாகக் கறை ஏறியிருக்கும். மண்டியில் கூடை தூக்குகிறவர் கையில் காய்ப்பு இருக்கும். வயது மட்டும் கையில் தெரியாது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பையனின் கையும் காய்த்துத்தான் இருக்கும்.

இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்கு விற்பனை இல்லை என்று ஒரு பலகை கடைக்குள் இருந்தது. நாங்கள் அதன்மேல் நாள்காட்டியை மாட்டியிருந்தோம். வேண்டுமென்று செய்ததல்ல, அங்கேதான் ஆணி இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா வந்து வரிசையில் நின்றார். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். திறப்புக்கு நேராக வந்ததும் அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பாலிடெக்னிக் படிக்கும் தன் மகன் நேற்று இங்கே வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் போய் விழுந்துவிட்டான், கால் முறிந்துவிட்டது என்றார். அவர் சத்தம் போடவில்லை.

“ஏங்க, குடுக்கும்போது அவன் மொகத்தப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை என்பதுதான் பதில். அவர் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனைப் பார்த்தேன். மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை கூட சரியாக முளைக்காத முகம். ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் நாள்காட்டியைக் கழற்றிப் பலகையை வெளிப்பக்கம் மாட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிற மனிதர். எதற்கும் பதறமாட்டார்.

“ஒவ்வொருத்தரயும் குனிஞ்சு பாத்தா உன் இடுப்பு என்னாவறது?” என்றார்.

அடுத்த நாள் அவரே வீட்டிலிருந்து ஒரு குட்டை முக்காலி கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்தால் என் கண்ணும் திறப்பும் ஒரே மட்டம். அதன்பிறகு கைகளுக்கு முகம் கிடைத்தது. சந்தேகமாக இருந்தால் பிறந்த வருஷத்தைக் கேட்பேன். உண்மை சொல்கிறவர் யோசிக்காமல் சொல்வார். பொய் சொல்ல வந்தவர் ஆகாயத்தைப் பார்த்துக் கழித்தல் கணக்குப் போடுவார். நான் கணிதம் படித்தது அங்கேதான் பயன்பட்டது. அப்படியும் தெளியாவிட்டால் அட்டையைக் காட்டச் சொல்வேன். அட்டை இல்லையென்றால் கிடையாது. மறுவாரமே கல்லூரிப் பையன்கள் எங்கள் பக்கம் வருவதை விட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பில் அந்த முகம் தெரிந்தது. ஒல்லியான உடம்பு, மழமழவென்ற கன்னம், வகிடெடுத்து வாரிய தலை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டுகிற போட்டோ மாதிரி இருந்தது.

“ஒரு பீருங்க.”

“வயசு என்ன தம்பி?”

“முப்பதுங்க.”

யோசிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் என் கண் நம்பவில்லை. அட்டை கேட்டேன்.

“என்னங்க சார் இது, ரெண்டு புள்ளைங்களுக்கு அப்பன்ங்க நானு. டைல்ஸ் வேல செய்யறேன். மூத்தவ நாலாவது படிக்கறா.”

வரிசையில் பின்னால் இருந்த ஒருவர், “தம்பி, நாளைக்குப் பரிச்ச இருக்குதில்ல, போய்ப் படி,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். வரிசையின் சத்தத்தில் கேட்கவில்லையென்று ஸ்பீக்கரில் போட்டார். அங்கேதான் தவறு செய்தார்.

“என் ஆதார் கார்ட போட்டோ எடுத்து அனுப்பு புள்ள.”

“எதுக்கு?” என்றது ஒரு பெண் குரல். பெரிய குரல்.

“பேங்க்ல கேக்கறாங்க.”

“ஞாயித்துக்கெழம எந்த பேங்க்கு தொறந்திருக்குது?”

அவர் என்னைப் பார்த்தார், நான் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அந்தச் சமயம் பார்த்து யாரோ ஒரு பெரியவர் பின்னாலிருந்து, “எனக்கு ஒரு கோட்டர் குடுத்துட்டு அப்பறம் பேசுங்கப்பா,” என்றார்.

“கேக்கறவர்கிட்ட போனக் குடு,” என்றது குரல்.

போன் திறப்பு வழியாக உள்ளே வந்தது. நான் வாங்கினேன். வேறு வழியில்லை.

“சார், கோட்டருன்னு காதுல வுழுந்துச்சு. வயசுக்குத்தான கார்டு கேக்கறீங்க. அவருக்குப் பத்தொம்பதுதாங்க ஆவுது. குடுக்காதீங்க.”

“அம்மா, ரெண்டு குழந்தைங்க இருக்குதுன்னு சொல்றாரே.”

“இருக்குதுங்க. ஆனா கார்டுல பத்தொம்பதுதான். அனுப்பறேன், நீங்களே பாத்துக்கங்க.”

சொன்னபடியே படம் வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மேற்பார்வையாளரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்தொன்பதேதான்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அட்டைக்குப் பதிவு செய்த அன்று அவருடைய அப்பாதான் பிறந்த தேதி சொல்லியிருக்கிறார். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். அப்பா கடைசிப் பிள்ளையின் தேதியைச் சொல்லிவிட்டார். ஆக, அட்டைப்படி அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். அட்டைப்படி இவர் தன் பத்தாவது வயதில் அப்பாவாகியிருக்கிறார்.

“ஓட்டர் ஐடி இருக்குதா?” என்று கேட்டேன்.

“தொலஞ்சு மூணு வருஷமாவுதுங்க.”

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். “கார்டு ஒண்ணு சொல்லுது, ஆளு ஒண்ணு சொல்றாரு. நாம கார்டுக்குத்தான் கட்டுப்படணும். இல்லையா தம்பி?” என்றார். தம்பி என்றது என்னையா அவரையா தெரியவில்லை. அவர் வெறுங்கையோடு போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதே அட்டை, அதே பதில். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாமே என்று அந்தப் பெரியவர் யோசனை சொன்னார்.

“எங்க வூட்டுக்காரி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிப்புட்டாளுங்க. வாங்கிக் குடுத்தா அவங்கவங்க வூட்ல போட்டுக் குடுத்துருவாளாம். ஒருத்தனும் மூச்சு வுடறதில்ல.”

அன்று கூட்டம் குறைவு. அவர் வரிசையை விட்டு ஒதுங்கிக் கம்பி வலைக்கு ஓரமாக நின்று என்னிடம் பேசினார். இரண்டு வருஷமாகவே மனைவி அந்தத் தேதியை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டட வேலை செய்கிறவர்களுக்கான நலவாரியத்தில் பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைக்கும். ஆனால் பத்து வயதில் பிள்ளை பெற்றவரின் மனுவை எப்படி வாங்குவது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

“மாத்திடலாமே. பத்தாவது மார்க் ஷீட்டு இருந்தாப் போதுமே.”

அவர் தலையைச் சொறிந்தார். “அது ஸ்கூல்லயே இருக்குதுங்க. கம்பைநல்லூர்ல. நான் வாங்கவே போவல.”

“ஏன்?”

“கணக்குல போயிடுச்சுங்க. வாத்தியாரு மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு போவல. அப்பறம் கல்யாணமாயி, புள்ளைங்களாயி... இனிமே போயி என்னான்னு கேக்கறது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினைந்து வருஷமாக ஒரு தாள் ஒரு பீரோவில் கிடக்கிறது. இவர் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த வாத்தியார் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார் என்றேன். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

“அப்படீங்கறீங்களா?” என்று கேட்டார்.

பிறகு நடந்ததையெல்லாம் அவர் வாரா வாரம் வந்து சொன்னார். வாங்குவதற்கு இல்லை, சொல்வதற்கு. வரிசையில் நிற்பவர்களும், “என்னாச்சு, பரிச்ச எழுதிட்டியா?” என்று ஆவலாகக் கேட்பார்கள். மனைவியும் அவரும் கம்பைநல்லூர் போனார்கள். பள்ளியில் யாருக்கும் இவரைத் தெரியவில்லை. ஒரு டீச்சர் பழைய காகிதக் கட்டை அவிழ்த்துத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கணக்கில் பன்னிரண்டு. தமிழில் எழுபத்தெட்டு.

“அதப் பாத்துட்டு எங்க வூட்டுக்காரி வாயே தொறக்கலீங்க. பஸ்ல வரும்போது, ‘தமிழ்ல இவ்ளோ மார்க்கு வாங்குன ஆளா நீ’ன்னு கேட்டா. மூத்தவளுக்கு இப்ப நான்தான் திருக்குறள் சொல்லிக் குடுக்கறேன்.”

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புது அட்டை வந்துவிட்டது. அவர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் திறப்பு வழியாக நீட்டினார். மேற்பார்வையாளர் எழுந்துவந்து இரண்டு கையாலும் வாங்கி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி என்று சத்தமாகப் படித்தார்.

“முப்பது வயசு, ரெண்டு மாசம். சரியா இருக்குது. குடு.”

வரிசையில் கைதட்டினார்கள். கோட்டர் கேட்கும் அந்தப் பெரியவர்கூட அன்று அவசரப்படவில்லை. நான் குளிர்ந்த பாட்டிலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, “நலவாரியத்துலயும் பதிஞ்சாச்சுங்க,” என்றார். பிறகு தயங்கி, “உங்க வூட்ல டைல்ஸ் வேல ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க சார். நல்லாச் செஞ்சு குடுக்கறேன்,” என்றார்.

இருந்தது. எங்கள் குளியலறையில் தரை போட்டவர் எந்தப் பக்கம் சரிவு வைக்க வேண்டும் என்பதை யோசிக்காமல் போட்டுவிட்டார். குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவைத் தேடி வரும். ஆறு வருஷமாக என் மனைவி துடைப்பத்தோடு போராடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் என் விடுமுறை நாளில் வந்தார்கள், இரண்டு பேரும். அவருடைய மனைவிதான் அவருக்குக் கையாள். போனில் கேட்ட குரலுக்கு நான் நல்ல உயரமான ஆளைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் என் தோள்கூட இல்லை. சேலையின் மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சிமென்ட் சட்டியைத் தூக்கியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானா சார் அது. போன்ல கேட்டப்ப போலீசு மாதிரி இருந்துச்சு.”

“எனக்கும் உங்க குரல் அப்படித்தான் இருந்துது.”

அவர் சிரித்தார். அதுவும் பெரிய சத்தம்தான்.

என் மனைவி எங்கள் கடையைப் பற்றி எதையும் கேட்கமாட்டாள். நானும் சொன்னதில்லை. அன்று சமையலறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அந்தப் பெண் ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பேங்க், பத்தொன்பது வயது, தமிழில் எழுபத்தெட்டு, எல்லாம். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாக, “இப்ப எப்படிம்மா? கார்டுதான் வந்துடுச்சே,” என்று கேட்டாள்.

“மாசத்துக்கு ரெண்டுன்னு பேசி வெச்சிருக்கோம்ங்க. கார்டு எங்கிட்டதான் இருக்குது. கேட்டாத்தான் குடுப்பேன்.”

குளியலறைக்குள்ளிருந்து, “சிமென்ட் காயுது, வாயி போதும், கையி வரட்டும்,” என்று அவர் கூப்பிட்டார். அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் போனபின் என் மனைவி டீ டம்ளர்களைக் கழுவி வைத்தாள். பிறகு, “எல்லாரோட மூஞ்சியும் பாத்துத்தான் குடுக்கறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கால் முறிந்த பையனைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுவாரம் அவளுடைய சித்தப்பா வந்து, மாப்பிள்ளைக்கு எந்த இலாகா என்று பேச்சை ஆரம்பித்தபோது, அவள் காபிக்கு எழவில்லை. நேராகச் சொன்னாள். சித்தப்பா, “அப்படியா, பாலக்கோட்லயா? எங்க பக்கத்துக் கடையில எப்பவும் ஒரே கூட்டம் மாப்ள,” என்றுவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த அன்றே, மூன்று நாள் தரை காய வேண்டும் என்று டைல்ஸ் போட்டவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுவரை நாங்கள் பின்பக்கம் தொட்டியில் குளித்தோம். நான்காம் நாள் காலை ஒரு பக்கெட் தண்ணீரைக் கதவோரமாக ஊற்றிவிட்டு இரண்டு பேரும் குனிந்து நின்று பார்த்தோம். தண்ணீர் ஒரு நொடி யோசித்த மாதிரி நின்றது. பிறகு மூலையைப் பார்த்து ஓடி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிகாலில் இறங்கியது. என் மனைவி இன்னொரு பக்கெட் ஊற்றினாள்.